சர்க்கரை நோயில் ரத்தக்குழாய் அழற்சி: அம்மா எடுக்கும் குர்குமின் மாத்திரை அதைக் குறைக்குமா?

தும்பைப்பூ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 63 வயது. இரண்டாம் வகை சர்க்கரை நோய் வந்து 14 வருடம் ஆகிறது. மெட்ஃபார்மின் காலையும் இரவும், கொலஸ்டிராலுக்கு ஒரு ஸ்டாட்டின், ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, இவ்வளவுதான் இதுவரை.

போன மாதப் பரிசோதனையில் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, 8.1 வந்தது. சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 86. அது 30க்குள் இருக்க வேண்டுமாம். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் எச்எஸ்-சிஆர்பி 4.2. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ரத்தக்குழாய்களின் உட்சுவரில் அழற்சி இருக்கிறது, சிறுநீரகத்தில் புரதம் கசிய ஆரம்பித்திருக்கிறது, அடுத்த முறை மருந்தை மாற்றிப் பார்ப்போம்" என்றார்.

அழற்சி என்ற அந்த ஒரு சொல்லை அம்மா பிடித்துக்கொண்டார். உறவில் ஒருவர் மூன்று பாட்டில் வாங்கிக் கொடுத்தார். முதலாவது மிளகுச் சத்தான பைப்பரின் சேர்த்த குர்குமின், அதாவது மஞ்சள் சத்து, 500 மில்லிகிராம், இரண்டாவது திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால், மூன்றாவது மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரின். ஐந்து வாரமாகச் சாப்பிடுகிறார். அதோடு போயிருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன். நேற்று அலமாரியைத் துடைக்கும்போது மெட்ஃபார்மின் அட்டைகள் பிரிக்காமலே கிடந்தன. இரவு மாத்திரையை நிறுத்தியே மூன்று வாரம் ஆகிறதாம். கேட்டதற்கு, "செடியிலிருந்து வந்ததே வேலை செய்யும்போது ரசாயனத்தை எதற்கு உள்ளே தள்ள வேண்டும்?" என்கிறார்.

அவரோடு சண்டை போட எனக்கு மனமில்லை. சரியாகப் புரிந்துகொண்டு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று ஆய்வுக் கட்டுரைகளைத் தேடினேன். "அதிகக் குளுக்கோஸில் வளர்ந்த எண்டோதீலியல் செல்களில் குர்குமின் வி-கேம் 1 அளவைக் குறைத்தது" என்கிற மாதிரி வரிகள் ஏராளமாக இருக்கின்றன. ரெஸ்வெரட்ராலுக்கும் அப்படித்தான், வெங்காயத்தில் இருக்கும் குவெர்செட்டினுக்கும் அப்படித்தான். அப்படியானால் அம்மா சொல்வது சரியா? இந்த வரிகளை எப்படி எடுத்துக்கொள்வது? இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.


காலைநடை எழுதியது:

அறிவியல் எனக்குத் தெரியாதும்மா. எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எனக்கும் சர்க்கரை உண்டு, ஒன்பது வருடமாக. இதே மாதிரி பைப்பரின் சேர்த்த மஞ்சள் சத்து மாத்திரையை மூன்று மாதம் எடுத்தேன். முதலில் பசி போனது. அப்புறம் மாடி ஏறினாலே சோர்வு. சிறுநீர் தேநீர் நிறத்தில் போனதைப் பார்த்து மனைவிதான் என்னை இழுத்துக்கொண்டு போனார். கல்லீரல் நொதி, ஏஎல்டி என்று போடுவார்கள், 900ஐத் தாண்டியிருந்தது. வைரஸ் எதுவும் இல்லை, குடிப்பழக்கமும் கிடையாது. மாத்திரைகளை எல்லாம் எடுத்து மேஜையில் வைக்கச் சொன்ன டாக்டர், முதலில் அந்தப் பாட்டிலைத்தான் தனியாக நகர்த்தி வைத்தார். நிறுத்திய பிறகு இறங்கி வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

எல்லோருக்கும் இப்படி வராது. எனக்கு வந்தது. அம்மாவுக்கு ஐந்து வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள், ஒரு கல்லீரல் பரிசோதனை எடுத்துவிடுங்கள். கண் மஞ்சளாவது, உடம்பு அரிப்பது, சிறுநீர் கருப்பது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே போங்கள்.


நுண்ணோக்கி எழுதியது:

தும்பைப்பூ, நீங்கள் படித்த அந்த வரி வருகிற மாதிரியான சோதனைகளை நான் ஆறு வருடம் என் கையால் செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செல்கள் எங்கிருந்து வருகின்றன தெரியுமா? பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியிலிருந்து. பிரசவ அறையிலிருந்து குளிர்ந்த உப்புக்கரைசலில் கொடி வந்து சேரும். அதன் பெரிய சிரையைக் கழுவி, கொலாஜினேஸ் என்ற நொதியை உள்ளே நிரப்பி, உடல் சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் உட்சுவர்ச் செல்கள் கழன்று வரும். தட்டில் விட்டு மூன்று நான்கு நாள் காத்திருந்தால் கூழாங்கல் பாவிய தரை மாதிரி ஒட்டி ஒட்டிப் படரும். நம் உடம்பின் ஒவ்வொரு ரத்தக்குழாய்க்கும் உள்ளே இப்படி ஒற்றை அடுக்காகச் செல்கள் விரிந்திருக்கின்றன. அதுதான் எண்டோதீலியம். ரத்தத்தைத் தொட்டுக்கொண்டே வாழ்கிற செல்கள்.

சர்க்கரை நோய் இவற்றை ஏன் இப்படிப் பிடித்து ஆட்டுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தசைச் செல்லுக்குள் குளுக்கோஸ் தாராளமாகப் போக இன்சுலின் வந்து கதவைத் திறக்க வேண்டும். எண்டோதீலியல் செல்லின் கதவு இன்சுலினுக்குக் காத்திருப்பதில்லை. ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறினால் செல்லுக்குள்ளும் ஏறும், மூடிக்கொள்ள அதற்கு வழி இல்லை. உள்ளே குவிந்த குளுக்கோஸை எரிக்கும்போது செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியா, சூப்பர்ஆக்சைடு என்ற சேதம் செய்யும் ஆக்சிஜன் வடிவத்தை அளவுக்கு மீறிக் கக்குகிறது. தனித்தனியாகத் தெரிந்த நான்கு சேதப் பாதைகளும் இந்த ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன என்று மைக்கேல் பிரவுன்லீ 2001இல் எழுதினார். எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே கையில் கொடுக்கும் கட்டுரை அது.

சூப்பர்ஆக்சைடு இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, ரத்தக்குழாயைத் தளர்த்தி விரிய வைக்கும் நைட்ரிக் ஆக்சைடைக் கபளீகரம் செய்கிறது. (உட்சுவரிலிருந்து ஏதோ ஒன்று வந்துதான் குழாயைத் தளர்த்துகிறது என்று ராபர்ட் ஃபர்ச்காட் 1980இல் காட்டினார். அது நைட்ரிக் ஆக்சைடு என்று பிறகு தெரிந்தது. அதற்காக 1998இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது.) இரண்டாவது, என்எஃப்-கப்பா-பி என்ற சுவிட்சைத் தட்டிவிடுகிறது. அது விழித்தால் செல்லின் மேற்பரப்பில் வி-கேம் 1, ஐ-கேம் 1 போன்ற ஒட்டும் புரதங்கள் முளைக்கும். வழக்கமாக வழுக்கிக்கொண்டு ஓடிவிடும் மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் அதில் சிக்கி நிற்கும், சுவருக்குள் நுழையும், கொழுப்பை விழுங்கி ஊதும். நீங்கள் படித்த வரியில் வந்த வி-கேம் 1 இதுதான். நுண்ணிய குழாய்களில் சுவரின் இறுக்கமும் தளர்ந்துவிடும், அல்புமின் கசியும். அம்மாவின் 86 அந்தக் கசிவின் எண்.

இப்போது சோதனைக்கு வருகிறேன். ஒரு தட்டில் 5.5 மில்லிமோலார் குளுக்கோஸ், அதாவது டெசிலிட்டருக்கு 99 மில்லிகிராம். இன்னொன்றில் 30 மில்லிமோலார், அதாவது 540. கரைசலின் அடர்த்தியால் ஏதும் நடக்கிறதா என்று பார்க்க, மானிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் சேர்த்த மூன்றாவது தட்டு. நான்காவதில் அதிகக் குளுக்கோஸோடு 10 மைக்ரோமோலார் குர்குமின். இரண்டு நாள் கழித்து, பச்சையாக ஒளிரும் சாயம் ஏற்றிய மோனோசைட்டுகளை நான்கிலும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டுக் கழுவி எண்ண வேண்டும். அதிகக் குளுக்கோஸ் தட்டில் அவை நெருஞ்சி முள் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. குர்குமின் தட்டில் பாதிக்கு மேல் கழுவிக்கொண்டு போய்விட்டன. முதல் தடவை அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. என் அப்பா சர்க்கரை நோயால் காலை இழந்தவர். விடை கண்ணெதிரே இருக்கிறது என்று நினைத்தேன்.

எங்கள் வழிகாட்டிதான் ஒரு கேள்வி கேட்டார்: "செல்லே இல்லாத தட்டில் குர்குமினை மட்டும் ஊற்றி அளந்தாயா?" அளந்தேன். வெறும் தட்டும் பச்சையாக ஒளிர்ந்தது! குர்குமினுக்கே அந்த ஒளிர்வு உண்டு, எங்கள் சாயத்தோடு அது கலந்து எண்ணிக்கையைக் குழப்பியிருந்தது. சாயமில்லாமல் ஒவ்வொரு செல்லாக எண்ணினோம். விளைவு இருந்தது, ஆனால் முதலில் பார்த்த அளவு இல்லை. அளவைகளைக் குர்குமின் இப்படி ஏமாற்றுவதைப் பற்றி 2017இல் மருந்து வேதியியலாளர்கள் விரிவாகவே எழுதினார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்த வெறும் தட்டுதான் நினைவுக்கு வந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. என் தட்டுக்குக் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை. குர்குமினை வாயால் விழுங்கினால் குடல்சுவரும் கல்லீரலும் குளுகுரோனைடு என்ற வாலை ஒட்டி வெளியே அனுப்பிவிடும். கிராம் கணக்கில் விழுங்கினாலும், வால் ஒட்டாத குர்குமின் ரத்தத்தில் கிட்டத்தட்ட இல்லை. நான் தட்டில் ஊற்றிய 10 மைக்ரோமோலாருக்குப் பக்கத்தில்கூட அது போகாது. ரெஸ்வெரட்ரால் 25 மில்லிகிராம் விழுங்கினால் சுமார் 70 சதவீதம் உறிஞ்சப்படுகிறது, ஆனால் மாறாத ரெஸ்வெரட்ரால் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம்கூடத் தேறுவதில்லை. ஆக, "செல்களில் குறைத்தது" என்ற வரி பொய் இல்லை. அந்த அளவு மருந்து அந்தச் செல்லைப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் அது சொல்கிறது. அம்மாவின் ரத்தக்குழாயில் அது போய்ச் சேர்கிறதா என்பது அடுத்த கேள்வி. அதற்குத் தட்டு பதில் சொல்லாது.

மனிதர்களிடம் செய்த ஆய்வுகளும் உண்டு. தாய்லாந்தில் சர்க்கரை நோயின் எல்லைக்கோட்டில் இருந்த 240 பேரிடம் ஒன்பது மாதம் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். குர்குமின் எடுத்தவர்களில் ஒருவருக்கும் நோய் வரவில்லை, எடுக்காதவர்களில் 16.4 சதவீதம் பேருக்கு வந்தது. நல்ல முடிவுதான், ஆனால் ஒரே இடத்தில் செய்த சிறிய ஆய்வு. நோய் வந்து 14 வருடம் ஆனவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. கோகோவில் இருக்கும் ஃபிளவனால் என்ற தாவரச் சத்துகளை 21,442 பேரிடம் சோதித்த பெரிய ஆய்வு 2022இல் வந்தது. மொத்த இதய, ரத்தக்குழாய் நிகழ்வுகள் 10 சதவீதம் குறைந்தன, ஆனால் அது தற்செயலாகவும் இருந்திருக்கலாம் என்ற எல்லைக்குள்ளேயே நின்றது. இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் மட்டும் 27 சதவீதம் குறைவு. இந்த வரிசையில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தருவது இது ஒன்றுதான்.

இப்போது அம்மாவிடம் சொல்ல ஒன்று. அவர் "ரசாயனம்" என்று ஒதுக்கி வைத்திருக்கிற மெட்ஃபார்மினே ஒரு செடியில் தொடங்கியதுதான். கலேகா அஃபிசினாலிஸ் என்று பயறு குடும்பத்துச் செடி, ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும். அதிலிருக்கும் கலெகின் சர்க்கரையைக் குறைக்கும், ஆனால் நஞ்சு. அதற்கு உறவான வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த, நஞ்சு குறைந்த மெட்ஃபார்மினை 1922இல் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். 1957இல் பிரான்சில் ஜான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் அதை நோயாளிகளிடம் பயன்படுத்தி வெளியிட்டார். இதேபோல 1835இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தார்கள். அது சிறுநீரகத்தில் குளுக்கோஸைத் திரும்ப உறிஞ்ச விடாது. ஆனால் குடலில் நிற்காமல் சிதைந்துவிடும். அதன் வடிவத்தைத் திருத்தித் திருத்தித்தான் இன்றைய எஸ்ஜிஎல்டி-2 மாத்திரைகள் வந்தன. அவற்றில் எம்பாகிளிஃப்ளோசினை ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் நோய் இருந்த 7,020 சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்தபோது, அந்த நோயால் இறப்பது 38 சதவீதம் குறைந்தது. அது 2015இல் வந்த முடிவு. சிறுநீரக நோயாளிகள் 6,609 பேரிடம் பிறகு நடந்த ஆய்வில், சிறுநீரகம் மோசமாவதும் இதய, ரத்தக்குழாய் நோயால் இறப்பதும் சேர்ந்து 28 சதவீதம் குறைந்தன. டாக்டர் மருந்தை மாற்றுவோம் என்றது ஒருவேளை இதை நினைத்துத்தானோ என்னவோ. அம்மாவின் 86ஐ வைத்து அவரிடம் நேராகவே கேளுங்கள்.

ரத்தக்குழாய் அழற்சியை மனிதர்களில் நிஜமாகக் குறைத்த தாவரப் பொருள் ஒன்று உண்டு. கொல்ச்சிசின். இலையுதிர் காலத்தில் பூக்கும் கொல்ச்சிகம் செடியிலிருந்து வருவது, நமக்குத் தெரிந்த செங்காந்தளிலும் இருப்பது. வெள்ளணுக்களின் உள்சட்டகத்தைக் கட்டவிடாமல் அவற்றின் நடமாட்டத்தை அடக்குகிறது. மாரடைப்பு வந்து 30 நாளுக்குள் இருந்த 4,745 பேரிடம் தினம் 0.5 மில்லிகிராம் கொடுத்ததில் இதய, ரத்தக்குழாய் நிகழ்வுகள் 23 சதவீதம் குறைந்தன. நாள்பட்ட இதயக்குழாய் நோய் உள்ள 5,522 பேரிடம் 31 சதவீதம். 2023இல் அமெரிக்காவில் இந்தப் பயனுக்காகவே ஒப்புதல் கொடுத்தார்கள். ஆனால் 2024இல் மாரடைப்பு வந்த 7,062 பேரிடம் செய்த ஆய்வில் பலன் தெரியவில்லை. இத்தனை ஆயிரம் பேரிடம் எடைபோட்டுப் பார்த்த பிறகும் இன்னும் விவாதம் நடக்கிறது. அந்த 0.5 மில்லிகிராமுக்கும் உயிருக்கு ஆபத்தான அளவுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு. அம்மாவுக்கு இது வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. செடிப்பொருள் ஒன்று உடம்பில் நிஜமாக வேலை செய்தால், அதை மில்லிகிராம் சுத்தமாக நிறுத்தித்தான் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.


மாத்திரைப்பெட்டி எழுதியது:

நான் மருந்தாளுநர். நுண்ணோக்கி சொன்ன அந்த "வால்" விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பைப்பரினை எதற்காகச் சேர்க்கிறார்கள்? 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தால் ரத்தத்தில் குர்குமின் 2,000 சதவீதம் கூடுகிறது என்று 1998இல் பெங்களூரில் செய்த ஆய்வு ஒன்று உண்டு. எப்படிக் கூடுகிறது? வால் ஒட்டும் வேலையைப் பைப்பரின் தடுக்கிறது. ஆனால் குர்குமினுக்கு மட்டும் தடுத்துவிட்டு மற்ற மாத்திரைகளை விட்டுவிட அதற்குத் தெரியாது. அம்மா எடுக்கும் மற்ற மருந்துகள் சிலவற்றின் அளவும் ரத்தத்தில் ஏறலாம். காலைநடை ஐயாவுக்கு வந்த மாதிரி கல்லீரல் பாதிப்புகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. எச்எல்ஏ-பி 35:01 என்ற மரபு வகை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல் என்றும் கண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது பாட்டில் பெர்பெரினைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் அதிகக் கவலை. பெர்பெரின் சர்க்கரையை உண்மையாகவே குறைக்கும், மருந்து மாதிரிதான். அதனால்தான் மருந்துக்குரிய கவனமும் வேண்டும். மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4, சிஒய்பி2டி6 நொதிகளை அது மந்தமாக்கும். அம்மாவின் ஸ்டாட்டின் சிம்வாஸ்டாட்டினா, அடார்வாஸ்டாட்டினா, ரோசுவாஸ்டாட்டினா என்று பாருங்கள். முதல் இரண்டும் சிஒய்பி3ஏ4 வழியாகச் சிதைபவை. காரணமில்லாமல் தொடை, தோள் தசைகள் வலித்தால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். ஆஸ்பிரினோ, ரத்தம் உறையாமல் இருக்க வேறு மாத்திரையோ எடுத்தால் குர்குமினோடு சேர்த்து ரத்தக்கசிவு ஆபத்தும் கூடும்.

கொல்ச்சிசினைப் படித்துவிட்டு யாராவது செங்காந்தள் கிழங்கைத் தேடிப் போய்விடப் போகிறார்கள் என்று எனக்குப் பயம். தயவுசெய்து வேண்டாம். அது உயிரைக் குடிக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் எடுப்பவர்களுக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்த கொல்ச்சிசின் மாத்திரையே நஞ்சாகலாம்.

அடுத்த முறை போகும்போது மூன்று பாட்டில்களையும் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோய் மேஜையில் வையுங்கள். அதுவரை அந்த மூன்றையும் நிறுத்தி வைப்பதில் இழப்பு இல்லை. இரவு மெட்ஃபார்மினைப் பற்றி டாக்டருக்கு இன்றைக்கே போன் செய்து கேளுங்கள். ஒரு உதவி: அம்மா ஏன் நிறுத்தினார் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் "ரசாயனம்" என்று சொல்வார்கள், இரண்டு நிமிடம் பேசினால் வயிற்றுப்போக்கு என்பார்கள்.


தும்பைப்பூ எழுதியது:

மூவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

மாத்திரைப்பெட்டி சொன்னது அப்படியே நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் இல்லை என்றார். அப்புறம், பெர்பெரின் ஆரம்பித்த இரண்டாவது வாரத்திலிருந்து ராத்திரியில் மூன்று நான்கு தடவை எழுந்து போக வேண்டியிருந்தது, வெட்கமாக இருந்தது, அதனால்தான் இரவு மாத்திரையை விட்டேன் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து அறையில்தான் நான் படுத்திருந்தேன்.

டாக்டருக்கு போன் செய்தேன். மூன்று பாட்டிலையும் நிறுத்தச் சொன்னார், மெட்ஃபார்மினை மெல்லக் கரையும் வகையாக மாற்றி இரவுச் சாப்பாட்டோடு கொடுக்கச் சொன்னார். கல்லீரல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாயிற்று. அம்மாவின் ஸ்டாட்டின் அடார்வாஸ்டாட்டின்தான்.

நுண்ணோக்கி அக்கா, கலேகா பூவின் படத்தை அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதிலிருந்தா வந்தது?" என்று இரண்டு தடவை கேட்டார். இப்போது அவருக்கு வேறு சந்தேகம்: மாத்திரை வடிவில் வேண்டாம், சரி, அப்படியானால் காய், கீரை, பழம் சாப்பிட்டு மட்டும் என்ன பயன்? அவற்றில் இருப்பதும் அதே பொருள்தானே? அப்புறம், மூன்று வாரம் இரவு மாத்திரை விட்டதால் ரத்தக்குழாய்க்கு ஏதாவது ஆகியிருக்குமா என்றும் பயப்படுகிறார்.


நுண்ணோக்கி எழுதியது:

அம்மா கேட்டது நல்ல கேள்வி. எனக்கும் இதைப் புரிந்துகொள்ள வருடங்கள் ஆயின.

சாப்பாட்டில் இந்தப் பொருள்கள் தனியாக வருவதில்லை. நார்ச்சத்தோடு வருகின்றன, அதனால் குளுக்கோஸ் மெதுவாக ஏறுகிறது. மைட்டோகாண்ட்ரியாவில் கிளம்பும் அந்த முதல் தீயே சின்னதாகிறது. கீரைகளில் நைட்ரேட் இருக்கிறது. அதை வாயிலிருக்கும் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்ற, உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடைச் செய்துகொள்கிறது, உட்சுவர் சோர்ந்திருக்கும்போது இது இன்னொரு வழி. குர்குமின், ரெஸ்வெரட்ரால் மாதிரியான தாவரப் பொருள்களைப் பாலிபீனால் என்பார்கள், அவற்றில் பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போகிறது, அங்குள்ள பாக்டீரியா அவற்றை உடைத்துச் சிறிய மூலக்கூறுகளாக்கி ரத்தத்தில் விடுகின்றன. நான் தட்டில் ஊற்றிய பொருளுக்கும் குழாயைக் கடைசியில் வந்து தொடும் பொருளுக்கும் பல நேரம் பெயரே வேறு. ஸ்பெயினில் 7,447 பேரிடம் ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ கூடுதலாகச் சேர்த்த, காய்கனி நிறைந்த உணவைச் சோதித்தார்கள். அவர்களில் பாதிப்பேர் சர்க்கரை நோயாளிகள். மாரடைப்பு, பக்கவாதம், இதய, ரத்தக்குழாய் நோயால் மரணம், இவை மொத்தமாகச் சுமார் 30 சதவீதம் குறைந்தன. எந்த ஒற்றை மூலக்கூறுக்கும் அந்தப் பெருமையை யாராலும் பிரித்துக் கொடுக்க முடியவில்லை.

நடையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நடக்கும்போது வேகமாக ஓடும் ரத்தம் உட்சுவரை உரசுகிறது. அந்த உரசலே நைட்ரிக் ஆக்சைடு செய்யும் நொதியை எழுப்புகிறது. தட்டில் அசையாமல் வளர்ந்த செல்லையும், மேலே திரவம் ஓட ஓட வளர்ந்த செல்லையும் நான் பார்த்திருக்கிறேன். ஓட்டத்தில் வளர்ந்தவை நீண்டு, ஓட்டத்தின் திசையிலேயே வரிசையாகப் படுத்திருக்கும். அதைவிட அழகான காட்சியை ஆய்வகத்தில் நான் பார்த்ததில்லை.

மூன்று வாரத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இது வருடக்கணக்கில் சேர்கிற சேதம், அதேபோல நன்மையும் வருடக்கணக்கில் சேர்ந்து நிற்கிறது. பிரிட்டனில் இரண்டாம் வகை நோயாளிகளைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். ஆய்வு முடிந்து பத்து வருடம் கழித்து, 2008இல் பார்த்தபோதும், தொடக்கத்தில் மெட்ஃபார்மின் பெற்ற பருமனான நோயாளிகளுக்கு மாரடைப்பு 33 சதவீதம் குறைவாக இருந்தது. இடையில் இரண்டு குழுக்களின் எச்பிஏ1சியும் ஏறக்குறைய ஒன்றாகியிருந்தும் அப்படி. உட்சுவர்ச் செல்கள் நல்லதையும் கெட்டதையும் நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கின்றன. என் அப்பாவுக்கு இதைச் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை.

டாக்டரைப் பார்க்கும்போது கேட்க இரண்டு விஷயம். 86 என்பது ஒரே ஒரு தடவை எடுத்தது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, அன்றைக்குக் கடுமையாக உழைத்தது என எதனாலும் அது ஏறலாம், அதனால் சில மாதத்துக்குள் மூன்றில் இரண்டு தடவை உறுதிப்படுத்துவார்கள். ரத்த அழுத்த மாத்திரை எந்த வகை என்றும் கேளுங்கள், சில வகைகள் அல்புமின் கசிவையும் சேர்த்துக் குறைக்கும். அப்புறம் அந்த 4.2. சிஆர்பி கல்லீரலில் உருவாவது, அழற்சி எங்கே என்று அது காட்டிக்கொடுக்காது. அம்மாவுக்கு ஈறில் வீக்கமோ ரத்தமோ உண்டா?


தும்பைப்பூ எழுதியது:

உண்டு அக்கா! பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது என்று ஒரு வருடமாகச் சொல்கிறார். அதைச் சர்க்கரையோடு நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. வியாழக்கிழமை பல் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், அதற்கு அடுத்த செவ்வாய் டாக்டர். நீங்கள் சொன்னதை எல்லாம் அம்மாவே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். முதல் வரி: "ஆப்பிள் மரப்பட்டை மாத்திரை எனக்கு ஆகுமா?"

கல்லீரல் ரிப்போர்ட் இன்று மாலை வந்தது. ஏஎல்டி 31, இயல்பான அளவுதான். காலைநடை ஐயா, உங்களிடம் சொல்லச் சொன்னார் அம்மா.